வீட்டு பியர் தீராமல் இருக்க: பாட்டிலா, கெக்கா?

அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு வரியில்லாமல் பியர் காய்ச்ச 1978-இல் வந்த கூட்டரசுச் சட்டம் வழிவிட்டது. வழக்கமாக ஒரு தடவை காய்ச்சினால் 5 காலன், அதாவது 19 லிட்டர் கிடைக்கும். அது நடுவில் தீர்ந்துபோகாமல் இருப்பது எதில் அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பாட்டிலுக்குச் செலவு குறைவு, வேலை அதிகம். 355 மில்லி பாட்டில் சுமார் 50-ஐக் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடி அழுத்த வேண்டும். கடைசியில் சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று வாயு உண்டாக்க இரண்டு வாரமாவது ஆகும். நொதிப்பு முடியுமுன் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். பியரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நிற்கட்டும், அப்புறம் அடைக்கலாம்.

கெக் என்பது முன்பு சோடா கம்பெனிகள் பயன்படுத்திய அதே 5 காலன் எஃகுப் பாத்திரம். கழுவ வேண்டியது ஒன்றுதான். குளிர்பெட்டியில் 4 டிகிரியில், சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை 10–12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் செலுத்தினால் ஒரு வாரம் முதல் பத்து நாளில் வாயு ஏறிவிடும். ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், தனிக் குளிர்பெட்டி என்று முதலில் கை கடிக்கும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். சின்னக் கசிவே ஒரே இரவில் சிலிண்டரைக் காலி செய்துவிடும்.

எப்போதும் பியர் கையில் இருக்க வேண்டுமானால் என் ஓட்டு இரண்டு கெக்குக்கு: ஒன்று ஊற்ற, இன்னொன்று தயாராக. மாதக்கணக்கில் முதிர வேண்டிய ஸ்டவுட் என்னும் கனத்த கறுப்பு பியருக்கு மட்டும் பாட்டில் சரி.