தன்னம்பிக்கையா, ‘இது நம்ம இடம்’ என்ற உணர்வா?

வேலையில் முன்னேற எது அதிகம் கைகொடுக்கும்? 1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா எழுதிய தன்னம்பிக்கை, ‘நான் கெட்டிக்காரன்’ என்ற பொதுவான நினைப்பு அல்ல. ‘இந்த வேலையை என்னால் செய்ய முடியும்’ என்பது. செய்து பார்த்து ஜெயித்த அனுபவத்தில்தான் அது நன்றாக வளரும். புதுப் பொறுப்புக்குக் கைதூக்க வைப்பதும் அதுதான்.

‘இது நம்ம இடம்’ என்ற ஒட்டுறவு அப்படியல்ல, அது நம் கையில் மட்டும் இல்லை. மீட்டிங்கில் நீங்கள் சொன்ன யோசனையை யாரும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் அதையே சொன்னதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை வாய் திறப்பீர்களா? வேலையின் நெளிவுசுளிவைச் சொல்லித்தரும் சீனியர், பதவி உயர்வுக்கு நம் பெயரை எடுக்கும் மேலாளர் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் கிடைப்பார்கள்.

சரி, வேலை தேடும்போது முதலாவது. சேர்ந்த பிறகு என் ஓட்டு இரண்டாவதுக்கே, நேர்காணலில் அதை யாரும் விசாரிப்பதில்லை என்றாலும்.