கண்மாயா, போர்வெல்லா?

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அப்போது விழுவதைப் பிடித்து வைத்தால் தை, மாசி அறுவடை வரை ஓட்டிவிடலாம். அதற்காக வெட்டியவைதான் கண்மாய்கள். ஏரி, கண்மாய் என்று தமிழ்நாட்டில் சுமார் 39,000 இருக்கின்றன. இன்று அவற்றுக்குப் போட்டி போர்வெல். எதில் தண்ணீர் அதிகம் என்றுதான் பலரும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு முதல் கேள்வி வேறு: தண்ணீர் குறைவது ஊருக்குத் தெரிகிறதா?

கண்மாயில் தெரியும். கரையில் நின்று பார்த்தே இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று நீர்க்கட்டி, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிடும் ஆள், சொல்லிவிடுவார். பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு என்ற மதகு இருக்கும். மேல் துளை தண்ணீர் போக, தரையை ஒட்டிய துளை சேறு போக. நிறைந்த கண்மாயில் மூச்சடக்கி முங்கி அதைத் திறந்த ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் இறங்கிவிட்டால் முறை வைப்பார்கள். தலைமடையோ கடைமடையோ, வயல்களுக்குப் பாய்ச்சுவது நீர்க்கட்டிதான். அதனால் ராத்திரியில் மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டிவிடும் வேலை யாருக்கும் இல்லை. அவருக்குக் கூலி, அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல்.

இதில் எல்லாமே நியாயமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பல ஊர்களில் நீர்க்கட்டி தலித்தாக இருப்பார். கூடி முடிவெடுப்பவர்கள் நிலக்காரர்கள். தண்ணீரைப் பங்கிட்ட கைக்கு அந்தக் கூட்டத்தில் பேச்சில்லை. கண்மாயை மீட்கும்போது இந்தப் பழக்கத்தையும் சேர்த்து மீட்கக் கூடாது. அப்புறம், கண்மாய் அகலமானது, ஆழமில்லாதது. வெயிலில் நிறையத் தண்ணீர் ஆவியாகிவிடும். மழை பொய்த்த வருஷம் அதில் ஒன்றுமில்லை.

போர்வெல்லின் பலம் அங்கேதான் தெரியும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வற்றினால், ஒரு பாய்ச்சல் தண்ணீர் மொத்த வெள்ளாமையையும் காப்பாற்றிவிடும். அப்படித் தவித்தவரிடம் போய் போர் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போர் இறைப்பதும் ஊர்த் தண்ணீர்தான். கண்ணுக்குத் தெரியாத ஊர்த் தண்ணீர். பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பக்கத்து வயலில் இன்னும் நூறடி கூடுதலாக இறக்கினால் உங்கள் போர் காற்றுதான் விடும். கடற்கரையை ஒட்டிய பல ஊர்களில் தண்ணீரே உப்பு. இதை முறைப்படுத்த 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வராமலே 2013-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. சொந்தப் போர் வைத்திருப்பவர், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்ட வருவதில்லை. அவர் வராவிட்டால் அடுத்தவரும் வர மாட்டார். கால் தூர்ந்து சீமைக்கருவேலம் மண்டிவிடும். மழை பெய்தாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேராது. போர் இல்லாத சிறு விவசாயிக்கு அன்றோடு விவசாயம் போச்சு.

மூன்றாவது வழியாக, மடையை அடைத்துவிட்டுக் கண்மாயை வெறும் ஊறல் குளமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நிலத்தடி நீர் ஏறும், சரி. ஏறிய தண்ணீர் யாருக்கு? கிணறும் போரும் உள்ளவர்களுக்கு மட்டும். மூன்றில் இதுதான் எனக்கு அறவே பிடிக்காதது.

என் தேர்வு கண்மாய். அதோடு ஆயக்கட்டுக்குள், அதாவது கண்மாய் பாயும் வயல்களுக்குள், நாலைந்து பொதுக் கிணறுகள், கடைசி மாதத்துப் பாய்ச்சலுக்கு மட்டும். அவற்றுக்கும் முறை உண்டு, சாவி நீர்க்கட்டியிடம். 2017-ல், ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிப்பதற்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு தூர்வாரும் திட்டம் கொண்டுவந்தது. விவசாயிகள் பங்கு பத்து சதவீதம். நல்ல காரியம். ஆனால் கண்மாய்க்குள் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், வரத்துக்கால் ஆக்கிரமிப்பில் கிடந்தால் தண்ணீர் எந்த வழியாக வரும்? உங்கள் ஊருக்குப் பணம் வந்தால் முதல் ரூபாயை வரத்துக்காலுக்குப் போடுங்கள், அடுத்ததை நீர்க்கட்டியின் சம்பளத்துக்கு. கரையில் சிமெண்ட் பூசுவது அதற்கப்புறம்.