மருத்துவமனைப் பணியாளர்களுக்கு எந்த ஸ்டெப் கவுண்டர்? கைப்பட்டை, இடுப்புக் கிளிப், கேள்வித்தாள்: ஒரு விமர்சனம்

மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் நடை எண்ணும் கருவி வாங்கப் போனால் பேட்டரியையும் திரையையும் இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம். டியூட்டியில் நடந்ததையும், டியூட்டிக்கு வெளியே உடம்புக்காகச் செய்ததையும் அது பிரித்துக் காட்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். கடையில் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒரே எண்ணில் கொட்டிவிடுகின்றன. வார்டு நர்ஸ் ஒருவர் ஷிஃப்ட் முடிக்கும்போது இலக்கைத் தாண்டியாகிவிட்டது என்று கருவி வாழ்த்து சொல்கிறது. அவரும் இன்றைக்கு இது போதும் என்று மாலை நடையை விட்டுவிடுகிறார். மற்றவர்களுக்கு உதவும் கருவி இவர்களுக்குத் தவறான ஆறுதலைத் தருவது இப்படித்தான்.

இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம்? ஓய்வு நேர உடற்பயிற்சி இதயத்துக்குத் தரும் பாதுகாப்பை வேலையில் படும் உடலுழைப்பு அதே அளவு தருவதில்லை. சில ஆய்வுகளில் பலன் தலைகீழாகவும் வந்திருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் இதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதினார்கள். வேலையில் உடலசைவு பல மணி நேரம் நீள்கிறது, ஆனால் இதயத் தாங்குதிறனைக் கூட்டும் அளவுக்கு வேகம் ஏறுவதில்லை. பாரம் தூக்குவதும் ஒரே நிலையில் நிற்பதும் ரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன. நாள் முழுவதும் இதயத்துடிப்பு சற்றே உயர்ந்தபடி இருக்கிறது. மூச்சு வாங்கினால் உட்காரலாம் என்ற சுதந்திரம் இல்லை. உடம்பு மீண்டு வருவதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடுகிறது.

அதற்காக வார்டு நடை வீண் என்று சொல்லிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்கிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் என்ற பழைய நிபந்தனையையும் அது எடுத்துவிட்டது. வேகம்தான் இங்கே சிக்கல். மிதமான நடை என்றால் பெரியவர்களுக்குத் தோராயமாக நிமிடத்துக்கு 100 அடி (காலடி எண்ணிக்கை, நீள அளவு அல்ல). வார்டில் நடப்பது வேறு மாதிரி: ஏழெட்டு அடி, ட்ரிப் பார்க்க ஒரு நிறுத்தம், மறுபடி ஐந்தாறு அடி. ஆயிரக்கணக்கில் அடிகள் சேர்ந்தாலும் 100-ஐத் தொட்ட நிமிடங்கள் மிகக் குறைவாக இருக்கலாம். ஆகவே மொத்த அடிகளைவிட, வேகமாக நடந்த நிமிடங்களைத் தனியாகக் காட்டும் கருவிக்கே எங்கள் ஓட்டு. பெட்டியில் அச்சடித்திருக்கும் 10,000 என்ற இலக்கைப் பொருட்படுத்த வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரோடு பரவிய எண், ஆய்வில் பிறந்ததில்லை.

கைப்பட்டை

ஸ்மார்ட் வாட்சும் பேண்டும் மணிக்கட்டின் வீச்சை வைத்தே அடியை எண்ணுகின்றன. மருத்துவமனையில் கை வீசி நடக்கும் நேரம் குறைவு. ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, மருந்து ட்ராலி என்று எதைத் தள்ளினாலும் இரண்டு கையும் பிடியில் பூட்டிக்கொள்கின்றன. நீண்ட நடைகூட பாதி எண்ணிக்கையில் பதியலாம். நோயாளியைப் படுக்கை மாற்றும் வார்டு உதவியாளர்களுக்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்களுக்கும் இதனால் பெரிய இழப்பு. மறுபக்கம், கைகளைத் தேய்த்துக் கழுவுவது, விரிப்பை உதறுவது, சிபிஆரில் தாளம் தவறாமல் மார்பை அழுத்துவது ஆகியவை நடக்காத அடிகளாகக் கணக்கில் ஏறக்கூடும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று நம்ப இடமில்லை, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு ஆட்களுக்கு நடக்கின்றன.

இதயத்துடிப்பை வைத்துக் கணக்கிடும் உழைப்பு நிமிடங்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி ரத்த ஓட்ட மாற்றத்தைப் படிக்கும் சென்சார் அது. துடிப்பு ஏன் ஏறியது என்று அதற்குத் தெரியாது. அவசரப் பிரிவில் பதற்றத்தால் ஏறினாலும், காபியால் ஏறினாலும் உடற்பயிற்சி என்றே எழுதிவிடலாம். பட்டை தளர்ந்திருந்தால் வாசிப்பே கெடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நகராத அளவுக்குக் கட்ட வேண்டும்.

பெரிய தடை தொற்றுக் கட்டுப்பாடு. முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது என்ற விதி உள்ள இடங்களில் டியூட்டி நேரத்தில் கைப்பட்டைக்கு வேலையே இல்லை. அறுவை சிகிச்சைக்குக் கை கழுவும் முன் மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கைச் சுத்த வழிகாட்டுதல். எம்ஆர்ஐ அறைக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. விதி அனுமதிக்கும் இடத்திலும் சிலிக்கான் பட்டை மட்டும் வாங்குங்கள். துணிப் பட்டையையும் தோல் பட்டையையும் சரியாகக் கிருமி நீக்க வழியில்லை, சங்கிலிப் பட்டையின் இடுக்குகளில் அழுக்கு தங்கும். கழற்றி, 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் இரண்டு பக்கமும் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஹேண்ட்ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) ஈரம் பட்டைக்கு அடியில் தங்குவதுதான் மணிக்கட்டில் வரும் அரிப்புக்கு வழக்கமான காரணம்.

உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குக் கைப்பட்டை நல்ல துணை. ஃபிட்பிட் பிராண்டு கைப்பட்டைகளில், ஒவ்வொரு மணி நேரத்திலும் 250 அடியாவது நடக்கச் சொல்லும் நினைவூட்டல் உண்டு. பில்லிங், மருத்துவப் பதிவேடு, லேப், எக்ஸ்ரே ரிப்போர்ட் எழுதும் மேசை, நெடுநேர ஓபி ஆகியவற்றில் அது உருப்படியாக வேலை செய்யும். செட்டிங்ஸில் நினைவூட்டல் நேரத்தை உங்கள் ஷிஃப்ட் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் அசையாமல் நிற்பவருக்கு இதனால் பயன் இல்லை. அவர் காலில் ஏறும் சுமை அடி எண்ணிக்கையில் வராது, நின்றதும் உட்கார்ந்ததும் கைப்பட்டைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நிற்பதையும் உட்காருவதையும் நம்பகமாகப் பிரிக்கத் தொடையில் ஒட்டும் ஆக்டிவ்பால் போன்ற கருவி வேண்டும். அது ஆய்வுக்கானது, தினசரி அணிவதற்கு அல்ல.

நைட் டியூட்டிக்காரர்களைக் கருவி தயாரிப்பவர்கள் மறந்தே விட்டார்கள் என்று சொல்லலாம். நள்ளிரவில் எண்ணிக்கை பூஜ்யமாகி ஒரே ஷிஃப்ட் இரண்டு நாளாக உடைகிறது. பகல் தூக்கத்தைச் சில மாடல்கள் குட்டித் தூக்கம் என்று ஒதுக்குகின்றன. கணக்கைக் கையால் சரிசெய்யலாம்: டியூட்டி ஏறும்போது உள்ள எண்ணை, அந்த நாளின் இறுதி எண்ணிலிருந்து கழியுங்கள், மறுநாள் காலை டியூட்டி இறங்கும்போது உள்ள எண்ணை அதோடு கூட்டுங்கள். அதுதான் அந்த இரவின் நடை.

இடுப்புக் கிளிப்

டியூட்டி நேரத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். கை சுத்தமாக இருக்கும், ட்ராலி தள்ளினாலும் இடுப்பு அசையும். உள்ளே இரண்டு வகை உண்டு. ஸ்பிரிங் வைத்த பழைய வகை, அசைத்தால் டிக் டிக் என்று சத்தம் வரும். செங்குத்தாக நிற்காவிட்டாலும் மெதுவாக நடந்தாலும் அடியை விட்டுவிடும். வார்டுக்கு அது வேண்டாம். மூன்று அச்சிலும் அசைவைப் படிக்கும் எலக்ட்ரானிக் வகையை வாங்குங்கள். ஏழு நாள் நினைவகம் இருப்பது அவசியம். ரீசார்ஜ் செய்யத் தேவையில்லாத, பட்டன் செல் போடும் மாடல் ஷிஃப்ட் வாழ்க்கைக்கு ஒத்துவரும்.

மாட்டும் இடம் தொடையின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, இடுப்புப் பட்டியில். ஸ்க்ரப்ஸ் (வார்டு சீருடை) நாடா தளர்வாக இருந்தால் கிளிப் ஊஞ்சலாடி எண்ணிக்கையைக் கெடுக்கும். அப்போது உள்ளாடையின் இலாஸ்டிக்கில் மாட்டுவது மேல். பாதுகாப்புக் கயிறு இல்லாமல் அணியாதீர்கள். சீருடையோடு சலவைக்குப் போய்த் தொலைவதே இந்தக் கருவிகளின் வழக்கமான முடிவு.

இதற்கும் ஒரு பெரிய குறை உண்டு, பெட்டியில் அதை எழுத மாட்டார்கள். தற்செயல் அசைவுகளை ஒதுக்குவதற்காகப் பல மாடல்கள் சில வினாடிகள் தொடர்ந்து நடந்த பிறகுதான் எண்ணத் தொடங்குகின்றன. படுக்கைக்குப் படுக்கை எட்டு அடி வைப்பவரின் நடையில் பெரும்பகுதி அந்த வடிகட்டியில் காணாமல் போய்விடும்.

எந்தக் கருவியானாலும் வாங்கிய அன்றே மூன்று சுற்று சோதியுங்கள். முதலில் வாய்விட்டு எண்ணியபடி 100 அடி தொடர்ந்து நடங்கள். 95 முதல் 105 வரை காட்டினால் சரி. அடுத்து, காலி ட்ராலியைத் தள்ளியபடி 100 அடி. கடைசியாக, 8 அடி நடந்து 5 வினாடி நின்று மறுபடி 8 அடி என 12 முறை. மொத்தம் 96 வர வேண்டும். கைப்பட்டை இரண்டாம் சுற்றில் தடுமாறும், கிளிப் மூன்றாம் சுற்றில். இரண்டிலும் தோற்பதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் தோற்றால் உங்கள் வேலை எந்தச் சுற்றைப் போன்றது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வித்தாள்

ஒரு துறை முழுவதற்கும் கருவி வாங்க முடியாதபோது கேள்வித்தாளை எடுப்பார்கள். ஐபேக் என்ற சர்வதேச உடலுழைப்புக் கேள்வித்தாளின் குறும்வடிவில் 7 கேள்விகள்தான், அதனால் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். மருத்துவமனைக்கு இது பொருந்தாத தேர்வு என்பது எங்கள் தெளிவான கருத்து. நடைக்கு 3.3, மிதமான உழைப்புக்கு 4, கடுமையானதுக்கு 8 என்ற மெட் மதிப்பை (ஓய்வில் செலவாகும் ஆற்றலைப் போல் எத்தனை மடங்கு என்ற அளவு) நிமிடங்களோடு பெருக்குவார்கள். நாள் கணக்கு 7-உம் வாரத்துக்கு 3,000 மெட்-நிமிடமும் வந்தால் உயர்ந்த உடலுழைப்பு என்று வகைப்படுத்துவார்கள். எந்த வகையிலும் ஒரு நாளைக்கு 180 நிமிடம்தான் உச்சவரம்பு. ஒரு நர்ஸ் ஆறு நாள் டியூட்டியில் தினமும் அந்த 180 நிமிட நடையை எழுதினால் 6 × 180 × 3.3, அதாவது 3,564. ஓரிரு நாள் நோயாளியைத் தூக்கியதையும் மிதமான உழைப்பில் சேர்த்தால் நாள் கணக்கு 7-ஐத் தொடும், 3,000-ஐயும் தாண்டியாகிவிட்டது. முடிவு: உயர்ந்த உடலுழைப்பு. ஓய்வு நேரத்தில் ஒரு நிமிடம்கூட அவர் நடந்திருக்க வேண்டியதில்லை!

இன்னொரு ஓட்டை: ஒரே தடவையில் குறைந்தது 10 நிமிடம் நீடித்ததை மட்டும் எழுதச் சொல்கிறது தாள். விட்டுவிட்டு நடக்கும் வார்டு ஊழியர்களில் ஒருவர் பூஜ்யம் எழுதுவார், பக்கத்தில் இருப்பவர் எட்டு மணி நேரமும் எழுதுவார். இருவரும் ஒரே வேலையைத்தான் செய்திருப்பார்கள். தாளைக் கொடுக்கும்போது ஒரு வார்டு நாளை உதாரணமாக எடுத்து, எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லிக் காட்டாவிட்டால் பதில்களை ஒப்பிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் 16 கேள்விகள் கொண்டது. வேலை, பயணம், ஓய்வு நேரம் என்று தனித்தனியாகக் கேட்கிறது, உட்காரும் நேரத்துக்கு ஒரு கேள்வி உண்டு. 10 நிமிடச் சிக்கல் இதிலும் இருக்கிறது, ஆனாலும் ஓய்வு நேரக் கணக்கு தனியாக நிற்பதால் இதையே பரிந்துரைக்கிறோம். தசைப் பயிற்சி பற்றி இது கேட்பதில்லை. அதற்கு ஒரு கேள்வியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள், எப்படிப் படிப்பது

ஏழு நாள் அணிந்தால் போதும் என்பது பொது வழக்கம். ஷிஃப்ட் வேலைக்கு ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) ஒரு முழுச் சுற்று வர வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் காலை, மாலை, இரவு, இரவு முடிந்த மறுநாள், விடுமுறை என்று குறியுங்கள். கிளிப்பை டியூட்டியிலும் கைப்பட்டையை வெளியிலும் அணிந்தால் பிரிவினை தானாகவே வந்துவிடும். இரவு முடிந்த மறுநாளும், இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேரத்துக்கும் குறைவாக இடைவெளி விழும் நாளும் எப்படி இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். ஓய்வு நேர நடை அங்கே விழுந்திருந்தால் காரணம் ரோஸ்டரில் இருக்க வாய்ப்பு அதிகம். ஊழியருக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிடுவது அநியாயம். ரோஸ்டர் எத்தனை நாள் முன்னதாகக் கைக்கு வருகிறது, வேலை முடிந்ததும் உடை மாற்ற இடம் இருக்கிறதா, வீட்டில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் யார் பார்க்கிறார்கள் என்ற மூன்றையும் அதே தாளில் கேட்டால்தான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

துறைக்காக மொத்தமாக வாங்குபவர்களுக்கு: யார் அதிகம் நடந்தார் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரையும் லேப் டெக்னீஷியனையும் ஒரே பந்தயத்தில் நிறுத்துவது அது. சில வாரத்தில் கருவிகள் லாக்கருக்குள் போய்விடும். தூக்கமும் இதயத்துடிப்பும் சேரும் ஆப் என்றால், கணக்கை ஊழியர் சொந்த மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். மேற்பார்வையாளருக்கு ஷிஃப்ட் வாரியான சராசரி மட்டும் போக வேண்டும், அதிலும் ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடிய அளவுக்குச் சிறிய குழுவின் சராசரி போகவே கூடாது. இந்த ஏற்பாட்டை எழுத்தில் தராத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஆர்டர் கொடுக்காதீர்கள்.