கார்க்கியின் அம்மாவும் யெரெவான் நினைவிடமும்

ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர்கள் கொன்றழிக்கப்பட்ட 1915 இனப்படுகொலையின் துயரத்தை ஆர்மேனியக் கலை எப்படிச் சுமக்கிறது என்று யோசித்தால், எனக்கு இரண்டு படைப்புகள் நினைவுக்கு வரும்.

ஆர்மேனியாவில் வேர்கொண்ட அமெரிக்க ஓவியர் ஆர்ஷைல் கார்க்கி, சிறுவயதில் 1912-இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தை வைத்துத் தன்னையும் அம்மாவையும் வரைந்தார். அந்த அம்மா, இனப்படுகொலைக்குத் தப்பி அகதியாக வந்து, 1919-இல் பட்டினியால் இறந்துபோனவர். பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி இரண்டு ஓவியங்கள் தீட்டினார். புகைப்படத்தில் அம்மாவின் மேலாடையில் இருந்த பூக்கள் ஓவியத்தில் இல்லை. கைகளும் உருப்பெறாமல் வெறும் வண்ணமாக நின்றுவிட்டன.

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் அந்த இனப்படுகொலைக்காக எழுப்பிய சித்செர்னகாபெர்ட் நினைவிடம் (1967) வேறு மாதிரி. அணையா நெருப்பைச் சுற்றி 12 கற்பலகைகள் தலைகுனிந்து நிற்கின்றன. பக்கத்தில் 44 மீட்டர் உயரத் தூண். இனப்படுகொலை நினைவு நாளான ஒவ்வொரு ஏப்ரல் 24-லும் மக்கள் பூக்களோடு வருகிறார்கள்.

சேர்ந்து அழ ஓர் இடம் வேண்டும், சரி. ஆனாலும் அந்த முடியாத கைகள்தான் என்னை அதிகம் உலுக்குகின்றன.