முழுக் கணக்கெடுப்பா, ‘ஒரு நண்பரைச் சொல்லுங்கள்’ முறையா?

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் டெங்குத் தடுப்புச் செய்தியை முதலில் யாரிடம் கொடுப்பது?

முழுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ‘கைமாற்றுக்கு, சுகவீனத்துக்கு யாரிடம் போவீர்கள்?’ என்று கேட்டு, யார் யாரோடு தொடர்பு என்ற வலையமைப்பை வரைய வேண்டும். 150 வீடுகளுக்கிடையே தொடர்பு இருக்கக்கூடிய சோடிகள் 11,175. பிழைப்பது பெயரில்தான்: பதிவுப்பெயர், வீட்டுப்பெயர், ‘கடைக்கார அண்ணை’ மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், கணினியில் மூன்று கணுக்களாகி, அதாவது மூன்று தனி ஆட்களாகி, ஊரின் மையமானவர் சாதாரண ஆளாகிவிடுவார். முதலிலேயே வீட்டிலக்கப் பட்டியல் தயாரித்து, சொல்லும் பெயரை அந்த இடத்திலேயே இலக்கத்தோடு பொருத்துங்கள். கனடாவில் உள்ள மகன் பணத் தொடர்பு வலையமைப்பில் இருக்க வேண்டும், டெங்குச் செய்திக்கான வலையமைப்பில் தேவையில்லை.

இரண்டாவது முறை மலிவு. 15 வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒவ்வொருவரும் சொல்லும் ஒரு நண்பரிடம் செய்தியைக் கொடுப்பது. நம் நண்பர்களுக்குச் சராசரியாக நம்மைவிட அதிக நண்பர்கள். சமூகவியலாளர் ஸ்கொட் ஃபெல்ட் 1991இல் காட்டியது இதையே. ஹொண்டூராஸின் 32 கிராமங்களில் விற்றமின் பரவலுக்கு இது உதவியது, குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினுக்கு அவ்வளவாக உதவவில்லை.

செய்தி பரப்ப இரண்டாவதே போதும், ஆனால் குறிச்சிவாரியாகக் குலுக்குங்கள்; இல்லாவிட்டால் ஒதுக்கப்பட்ட குறிச்சி மறுபடியும் விடுபடும். யார் யாரிடம் பணத்துக்குப் போகிறார் என்று முழுதாகப் பார்க்க வேண்டிய நுண்கடன் (சிறுகடன்) சிக்கலை ஆராய முழுக் கணக்கெடுப்பே வேண்டும்.