கயாக்கில் கேமரா: முட்டுக்காட்டு உப்புத் தண்ணீரில் சில வருட அனுபவம்

கயாக்கில் உட்கார்ந்து பறவை எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: கேமரா பையிலிருந்து உங்கள் கண்ணுக்கு வர எவ்வளவு நேரமாகும்? சில வருடங்களாக முட்டுக்காட்டில் துடுப்பு போட்ட பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். கயாக்கில் படம் கிடைப்பதும் தப்பிப்போவதும் அந்த நாலைந்து நொடியில் முடிந்துவிடும். ஃபோகல் நீளம், மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என்னிடம் இருப்பது கேனான் ஆர்7 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா). லென்ஸ் முதலில் ஆர்எஃப் 100-400, இப்போது பெரும்பாலும் ஆர்எஃப் 100-500; எண்கள் மில்லிமீட்டரில் ஃபோகல் நீளம், எண் பெரிதானால் பறவை பெரிதாகத் தெரியும். இரண்டையும் இதே தண்ணீரில், இதே கயாக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். கயாக், மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் வகை. தண்ணீர் வடிய அடியில் துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளேயும் வரும் என்பதால், உட்காரும் இடம் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். கேமராவைக் கீழே வைக்க இடமே கிடையாது. மடிதான் மேசை.

முட்டுக்காடு தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்கு மேற்கே விரிகிற உப்பங்கழி இது. கோவளம் பக்கம் முகத்துவாரம். கோடையில் மணல் மூடிக்கொள்ளும், மழைக்காலத்தில் திறக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் நல்ல சீசன். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, சாம்பல் நாரை, ஆலாக்கள், உள்ளான்கள், தலைக்கு மேலே செம்பருந்து. காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து வருகிறது. எனவே கரையோரமாகக் கிழக்கில் இருந்துகொண்டு மேற்கே பார்த்து எடுத்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிவிடும். அங்கே வலை போடுகிற ஒரு பெரியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "காத்து வர்றதுக்குள்ள திரும்பிடு தம்பி." காற்று வந்த பிறகு துடுப்பு போடுவதே பெரும்பாடு. கேமராவை எடுக்கவே தோன்றாது.

இனி தூரம். கரையில் நின்று எடுப்பவருக்கு 600 மில்லிமீட்டரும் போதாது. கயாக்கில் கதை வேறு. தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில்தான் நம் கண் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மனித உருவம் பறவைக்குத் தெரிவதில்லை. இந்தக் கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவுகிறவர்களையும் சிறு படகுகளையும் தினமும் பார்த்துப் பழகிய பறவைகள் இவை. துடுப்பை நிறுத்திவிட்டுக் கயாக் தானாக மிதந்து போக விட்டால், நேராக முகத்துக்கு முகம் போகாமல் சாய்வாகப் போனால், மடையானும் சாம்பல் நாரையும் ஆச்சரியப்படும் அளவுக்கு அருகே அனுமதிக்கும். பறவை தலையைச் சட்டென்று நிமிர்த்திக் கழுத்தை நீட்டிக்கொண்டால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். எச்சமிட்டால் அடுத்த நொடி பறக்கப் போகிறது என்று அர்த்தம். பனிக்காலத்தில் வெகுதூரம் பறந்து வந்து இங்கே இரை தேடும் உள்ளான்களை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அவற்றின் உணவு நேரத்தைப் பறிக்கிறோம். எழுப்பி எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் என்னால் அதைச் சந்தோஷமாகப் பார்க்க முடிவதில்லை.

அருகே போக முடிகிறது என்பதால்தான் எடை குறைந்த லென்ஸ் இங்கே ஜெயிக்கிறது. ஆர்7-இன் சென்சார் 1.6 மடங்கு கிராப், அதாவது முழு ஃபிரேம் சென்சாரைவிடச் சிறியது. 400 என்பது 640 போலவும், 500 என்பது 800 போலவும் பார்வைக்கு வரும். ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். பாடியோடு சேர்த்தால் ஒன்றேகால் கிலோ. ஒரு கையில் தூக்கலாம், இன்னொரு கையில் துடுப்பைப் பிடித்திருக்கலாம். 100-500 காலர் (முக்காலியில் மாட்டும் வளையம்) இல்லாமல் 1,365 கிராம், பாடியோடு இரண்டு கிலோ. இந்த முக்கால் கிலோ வித்தியாசம் கடையில் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஒரு மணி நேரம் துடுப்பு போட்ட தோளுக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும். அலகு நேராகக் கீழே பார்க்கும், தலை மட்டும் அசையவே அசையாது. சில நொடி அப்படி நின்றுவிட்டு ஒன்று விழும், இல்லையென்றால் பத்தடி தள்ளிப் போய் மறுபடி நிற்கும். கயாக் அதற்குள் லேசாகத் திரும்பியிருக்கும். இடுப்பைத் திருப்பி, கேமராவைத் தூக்கி, அதைக் கண்டுபிடித்து, ஃபோகஸ் பிடித்து, கூடவே அது விழும் வரை தூக்கியபடியே காத்திருக்க வேண்டும். காலை ஊன்ற இடமில்லை, முழங்கையை ஊன்றவும் ஒன்றுமில்லை. 100-400-இல் நான் அதைக் கடைசி வரை தூக்கிப் பிடித்திருந்தேன். 100-500-இல் பல சமயம் கை தளர்ந்து லென்ஸ் இறங்குகிற நேரத்தில்தான் மீன்கொத்தி விழுந்திருக்கிறது. ஆனால் கிடைத்த படங்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கும்போது 100-500 ஒரு படி மேல்தான். இறகு விவரம், கண்ணில் ஒளி, பின்னணியின் மென்மை எல்லாவற்றிலும். வெளிச்சத்திலும் அதற்கு லாபம் உண்டு: 400-இல் எஃப் 8 ஆகிவிடுகிற சின்ன லென்ஸுக்கு எதிரில் இது 500-இலும் எஃப் 7.1 (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). விடியலில் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 6400-ஐத் தொடும்போது அந்தச் சிறு வித்தியாசமும் உதவுகிறது.

அப்படியானால் ஏன் மாறினேன்? உப்புக்காக. 100-400-இல் வெதர் சீலிங் (சாரலும் தூசியும் உள்ளே போகாத அடைப்பு) கிடையாது, 100-500-இல் உண்டு. துடுப்பு தூக்கும் ஒவ்வொரு முறையும் அதன் தண்டு வழியாகத் தண்ணீர் வழிந்து கைக்கு வரும். அதே கையால்தான் கேமராவைத் தொடுகிறோம். துடுப்பில் ரப்பர் வளையம் போட்டால் குறையும், நிற்காது. கழுத்தில் ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொள்வதுதான் நான் கண்ட நல்ல வழி. கேமராவைத் தொடும் முன் கையைத் துடைக்கலாம், மடியில் இருக்கும் கேமராவை மூடலாம், வெயில் ஏறினால் தலைக்கும் ஆகும். கடையில் விற்கும் எந்த மழை உறையையும்விட இது வேகமாக விலகும்.

சீலிங் இருந்தாலும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த இரண்டு லென்ஸும் ஜூம் செய்யும்போது முன்னால் நீளும். நீண்ட குழாயின் மேல் விழுந்த துளி, ஜூமைச் சுருக்கும்போது உள்ளே இழுக்கப்படும். துளி காய்ந்து வெள்ளைப் பொடியாக உப்பு படிந்திருந்தால் இன்னும் மோசம், அது உரசும். அதனால் சுருக்குவதற்கு முன் குழாயைச் சுற்றித் துடைப்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. நீளாத, உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை இரண்டு கிலோவைச் சுற்றி எடையுள்ளவை, எப்போதும் முழு நீளத்திலேயே இருக்கும். மடியில் வைத்தால் துடுப்பு இடிக்கும். கயாக்குக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். படகில் போகிறவர் தாராளமாக வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடி, லென்ஸ், பட்டை எல்லாவற்றையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கிறேன். உலர்ந்த துணியை முதலில் போட்டால் உப்புத் துகள் தேய்த்துக் கோடு போடும். பட்டையைத் தனியாக அலசிவிட வேண்டும். அதில் ஊறிய உப்பு மறுநாள் ஈரத்தில் திரும்பக் கசியும். முன் கண்ணாடிக்கு யூவி ஃபில்டர் தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். காட்டில் சரி. உப்புச் சாரலில் நான் கட்டாயம் போடுவேன். துடைத்துத் துடைத்துத் தேய வேண்டியது ஃபில்டராகவே இருக்கட்டும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தையும் தின்றுவிடும்.

சென்னைக்கே உரிய இன்னொரு பிரச்சினை ஏசி. இரவு முழுக்க ஏசி அறையில் இருந்த கேமராவை ஏசி காரில் ஏற்றி முட்டுக்காட்டில் திறந்தால், ஈரக்காற்று பட்டவுடன் கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொள்ளும். துடைத்தால் மறுபடி மூடும். அது விலகுவதற்குள் விடியல் வெளிச்சம் போய்விடும். முந்தின இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைப்பதும், காரில் டிக்கியில் போடுவதும் போதும். மற்ற நாட்களில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான டிரை கேபினெட். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். இந்த ஊர்க் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் தாராளம்.

பை விஷயத்துக்கு வருகிறேன். கடினமான பெட்டிதான் பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சிட்-ஆன்-டாப்பில் அதை வைத்தால் கால் நீட்ட இடமில்லை, கொக்கியைத் திறக்கும் சத்தத்துக்கே கொக்கு பறக்கும். நான் வைத்திருப்பது வாயைச் சுருட்டி மூடும் டிரை பேக், உள்ளே மெத்தை உறையும் சிலிக்கா ஜெல்லும். பாலத்துக்கடியில் கடக்கும்போதும் அலை இருக்கும்போதும் முழுக்கச் சுருட்டிப் பூட்டியிருக்கும். அமைதியான ஓரத்துக்கு வந்ததும் கேமரா மடிக்கு வந்துவிடும், மேலே துண்டு. இப்படி வைத்தால் ஒரு வீச்சில் கண்ணுக்கு வரும். பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதில்லை. கவிழ்ந்தால் லைஃப் ஜாக்கெட்டோடு சிக்கிக்கொள்ளும். ஒரே அழுத்தில் கழலும் கிளிப் போட்ட குட்டைப் பட்டை போதும். மிதக்கும் பட்டை என்று விற்பது சின்ன கேமராக்களுக்கானது, இரண்டு கிலோவை அது தாங்காது. வெதர் சீலிங் என்ற சொல்லையும் அளவோடுதான் நம்ப வேண்டும். ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 போன்ற சிலவற்றுக்குத்தான் ஐபி53 என்று எண் கொடுத்துத் தரம் சொல்லப்பட்டிருக்கிறது. அதுவும் சாரலுக்குத்தான், முங்குவதற்கு இல்லை.

செட்டிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் கயாக் நகர்ந்துகொண்டே இருப்பதால் தொடர் ஃபோகஸ்தான் எப்போதும். ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000 அல்லது அதைவிட வேகமாக, ஐஎஸ்ஓ ஆட்டோ. எலக்ட்ரானிக் ஷட்டர் சத்தமில்லாதது, அருகில் இருக்கும்போது அருமை. ஆனால் சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் வேகமான இறக்கை வளைந்து வரும், பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிட வேண்டும். வியூஃபைண்டரில் மட்டக்கோட்டைப் போட்டு வையுங்கள். தண்ணீரில் அடிவானம் சாய்ந்தால் உடனே கண்ணில் படும்.

வெயில் ஏறிய பிறகு, சேற்றுத்திட்டுகளின் மேல் காற்றே நெளிய ஆரம்பித்ததும், தூரத்துப் பறவையை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. 600 வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவே இருக்கும் காற்றுதான் அங்கே எல்லை. லென்ஸுக்குப் பின்னால் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டரை மாட்டினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து இது. கயாக்கும் புதிது, பறவையும் புதிது என்றால் சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு போன்ற ஒரே துண்டுக் கேமரா நல்லது. 24-இலிருந்து 600 வரை போகும், 1.1 கிலோ, லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. தண்ணீர் நடுவில் லென்ஸ் மாற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாத வேலை. ஏற்கெனவே பாடி இருந்தால், அதற்குப் பொருந்துகிற, ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும் லென்ஸ். பழைய டிஎஸ்எல்ஆர் நிக்கான் வைத்திருப்பவர்கள் 300 எஃப் 4 பிஎஃப் லென்ஸைத் தேடிப் பாருங்கள், 755 கிராம்தான், நீளாது. என்னைக் கேட்டால் 100-400-ஐ இப்போதும் விற்க மாட்டேன். காற்றில்லாத, அலையில்லாத மார்ச் காலையில் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் கயாக் இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பழவேற்காட்டில் சரணாலயப் பகுதிக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. முட்டுக்காடு, கோவளம் பக்கம் கயாக் வாடகைக்குக் கிடைக்கிறது. லைஃப் ஜாக்கெட் சரியான அளவில் தருகிறார்களா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

பெரிய லென்ஸ்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னையில் அந்த வசதி இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொண்டுபோகப் போவதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடுதல் டெபாசிட் கேட்டால் கொடுத்துவிடலாம்.