பசையா, வெப்பமா, மின்சாரமா, நுண்ணூசியா: வலிநிவாரண ஒட்டுப்பட்டைகள் குறித்த ஓர் ஒப்பீடு

வலிநிவாரண ஒட்டுப்பட்டையிலிருந்து புறப்படும் மருந்துக்குப் பெருந்தடையாக நிற்பது, தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களும் அவற்றுக்கிடையே நிரம்பிய கொழுப்பும் சேர்ந்து அமைந்த, உடலின் பெரும்பாலான பகுதிகளில் 10 முதல் 20 மைக்ரான் தடிமனே உள்ள ஒரு படலம். மூலக்கூற்று எடை 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையைக் குறிக்கும் அலகு) இருந்து, கொழுப்பிலும் ஓரளவு கரையும் மருந்துகளே இதைத் தாமாகக் கடக்கும் என்பது துறையில் வழங்கும் பொது விதி. தோலை மரக்கச் செய்யும் லிடோகெய்னும் (234), ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணியான ஃபென்டனிலும் (337) அந்த வரம்புக்குள் வருகின்றன. எனவே கடக்கும் வேகமும் வீணாகும் அளவுமே இங்கு ஒப்பிட வேண்டியவை.

பசையை மாற்றுவதே இவற்றுள் மிகச் சிறந்த வழி என்பது என் கருத்து. நீர் கலந்த பசையால் ஆன 5 சதவீத லிடோகெய்ன் பட்டை ஒன்றில் 700 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. 12 மணி நேரம் ஒட்டியிருந்தாலும் அதில் சுமார் 3 சதவீதமே உடலுக்குள் சேர்கிறது, எஞ்சியது பட்டையோடு குப்பைக்குப் போகிறது. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 1.8 சதவீதப் பட்டையோ, நீரற்ற பசையில் வெறும் 36 மில்லிகிராமை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே அளவு மருந்தை உடலில் சேர்க்கிறது. மருந்தை உந்துவது பட்டையில் உள்ள அளவு அன்று. பசையில் அது செறிவின் உச்சத்தை எவ்வளவு நெருங்கி, வெளியேறத் துடித்துக்கொண்டிருக்கிறது என்பதே. இந்த வழியிலும் ஒரு கண்ணி உண்டு. உச்சத்தைத் தாண்டினால் மருந்து படிகமாக உறைந்துவிடும். வலிநிவாரணி அல்லாத, பார்க்கின்சன் (நடுக்குவாத) நோய்க்கான ரோடிகோடின் பட்டையில் பனித்துகள் போன்ற படிகங்கள் தோன்றியதால், 2008-இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஓலிக் அமிலம், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற ஊடுருவல் ஊக்கிகளைச் சேர்ப்பது மலிவான வழி. ஆனால் கொழுப்படுக்கையைத் தளர்த்தும் அதே செயல் தோலைச் சிவக்கவும் அரிக்கவும் வைப்பதால், இவற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போக இயலாது.

வெப்பம் இருமுனைக் கத்தி. உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, தானே சூடேறும் ஒரு பட்டை, லிடோகெய்ன், அதே வகையான டெட்ரகெய்ன் ஒவ்வொன்றிலும் 70 மில்லிகிராம் கொண்டு, ஊசி குத்தும் இடத்தை அரை மணி நேரத்துக்குள் மரத்துப்போகச் செய்கிறது. ஃபென்டனில் பட்டை ஒட்டியவருக்கோ உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டினாலே இரத்தத்தில் மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடக்கூடும். அது மூச்சை மந்தப்படுத்தும் மருந்து என்பதால் வெந்நீர்ப் பை வைப்பது கூட ஆபத்து. பட்டையை உரித்தெடுத்த பின்னும் தோலடியில் தேங்கிய மருந்து கசிந்துகொண்டே இருப்பதால், இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையச் 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது.

மெல்லிய மின்னோட்டத்தால் மருந்தை உள்ளே தள்ளும் முறை, கட்டுப்பாட்டில் மற்றெதையும் விஞ்சுகிறது: நோயாளி பொத்தானை அழுத்தினால் 10 நிமிடத்தில் 40 மைக்ரோகிராம் ஃபென்டனில் உள்ளே செல்லும் கருவி 2006-இலேயே அனுமதி பெற்றது. ஆனால் அதன் உட்பாகம் அரிக்கப்படுவது தெரியவர, 2008-இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான் மின்பட்டை, தோலில் தீக்காயமும் தழும்பும் ஏற்படுத்தியதால் 2016-இல் விற்பனையிலிருந்து விலகியது.

1998-இல் முதன்முதலாக மனிதத் தோலில் சோதிக்கப்பட்ட நுண்ணூசிகள், வலி உணரும் நரம்புகளை அதிகம் தீண்டாமலே படலத்தைத் துளைக்கின்றன. தோலுக்குள்ளேயே கரைந்து மருந்தை விடும் நுண்ணூசிகளில் ஏற்றக்கூடிய மருந்தின் அளவு மிகச் சிறிது. தோலை மரக்கச் செய்ய அது போதலாம், நாள் முழுவதும் மூட்டுவலிக்கு மருந்து தரப் போதாது.

ஓபியாய்டு பட்டைகளில் வேகத்தைக் காட்டிலும் மிச்சத்தைக் குறைப்பதே உண்மையான முன்னேற்றம் என்று கருதுகிறேன். மூன்று நாள் ஒட்டியிருந்த ஃபென்டனில் பட்டையிலும், ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமான மருந்து எஞ்சியிருக்கக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எஞ்சும் மருந்தைக் குறைக்கவே வலியுறுத்தியது. அந்த மிச்சத்தைக் குறைக்கும் வேலை, மீண்டும் பசையைத் தயாரிப்பவர் கைக்கே வருகிறது.